நேர்ந்துவிட்ட முடி

மேனாம்பேடு,
12.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அனுசுயா எழுதுவது. நான், அத்தை, உங்கள் தம்பி பரத், மூவரும் நலம். கார்த்திகையில் வந்த மலேரியா உங்களை முழுசாக விட்டதா, உங்கள் பட்டாளத்துக் காட்டு முகாமில் வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைக்கிறதா என்று எழுதுங்கள். அத்தைக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை.

உங்களுக்கு டவர் கிடைத்துக் கூப்பிட்டால் அத்தை உடனே ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். இது ஸ்பீக்கரில் சொல்லக்கூடிய விஷயமில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பரத்துக்கு மூன்றாவது வரனும் தட்டிப்போனது. பூந்தமல்லிப் பெண். பெண்ணின் மாமா வாசலுக்கு வந்து இவனையே பார்த்து, "இன்னாப்பா, அண்ணன் மட்டும் வந்துகீறீங்க? மாப்ள எங்க?" என்று கேட்டுவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருபத்தெட்டு வயதில் முன்னந்தலை முழுசாகப் போய்விட்டது. கார் ஷோரூமில் வாசலில் நின்று ஆள்களை வரவேற்கும் வேலை, அங்கேயும் தொப்பி. வீட்டுக் கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறான். அத்தை தினமும் எடுக்கிறாள், அவன் தினமும் போடுகிறான்.

இதில் அத்தையின் வேண்டுதல் வேறு. நீங்கள் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தபோது மஞ்சள் துணியில் காசு முடிந்து பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள் அல்லவா, "பெரியவன் பொழச்சா சின்னவன் முடிய ஆடிக்குத் தரேன்" என்று. யார் உயிருக்கு யார் முடி! பெரியவன் தலையையே கொடுக்கலாமே அத்தை என்றேன். "அவனுக்கு லீவு குடுப்பானுங்களோ மாட்டானுங்களோ. ஊட்ல கீற தல இவந்தான்" என்கிறாள். நேர்ந்துவிட்ட முடியில் ஆடிவரை கத்திரி படக்கூடாதாம். முன்னால் ஒன்றுமில்லாமல் பின்னால் மட்டும் சட்டைக் காலரில் விழ வளர்த்துக்கொண்டு நிற்கிறான் பிள்ளை. பார்க்கச் சகிக்கவில்லை.

இப்போது அண்ணா நகரில் ஒரு கிளினிக்கில் போய் விசாரித்திருக்கிறான். பின்னந்தலையிலிருந்து ஒவ்வொரு முடியாக வேரோடு எடுத்து முன்னால் நடுவார்களாம். அதற்கு முதலில் பின்னந்தலையை ஒட்டச் சிரைக்க வேண்டும். அங்கேதான் வேண்டுதல் இடிக்கிறது. அத்தையிடம் கேட்டால் வீடு ரெண்டுபடும். "அண்ணன் சரின்னா செய்றேன் அண்ணி, வேணாம்னா வுட்டுடறேன்" என்கிறான். அவன் என் முன்னால் அழுது நான் பார்த்ததே இல்லை, போன வாரம் அழுதான். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கொசுவலைக்குள் படுக்கவும்.

உங்கள்,
அனுசுயா


முகாம்,
30.1.2025

அன்புள்ள அனுவுக்கு,

நலம். ஜுரம் போய்விட்டது, போகும்போது கால்கிலோ சதையையும் கொண்டுபோனது. அம்மாவுக்கு முட்டித் தைலம் தடவுகிறாயா?

பரத்தைச் செய்துகொள்ளச் சொல். வேண்டிக்கொண்டவள் அம்மா, கேட்டது அம்மன், நடுவில் அந்தப் பையன் தலை என்ன பாவம் செய்தது? இப்போது சிரைத்தால் ஆடிக்குள் வளர்ந்துவிடும். அம்மன் முடியைத்தான் கேட்டாள், அது எத்தனை மாதத்து முடி என்று கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம். கம்பெனி டிரெயினிங் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளட்டும். பின்னால் தெரிந்து சத்தம் போட்டால், பெரியவன் சொல்லித்தான் செய்தான் என்று என்னைக் கை காட்டிவிடு. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவனை அவளால் அடிக்க முடியாது.

என் தலையும் ஹெல்மெட்டுக்குள் காலியாகிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, நீ மாட்டிக்கொண்டாய், கவலையில்லை.

இங்கே அமைதி. ஆடிக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

என்றும் உன்,
லோகநாதன்


மேனாம்பேடு,
9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்களிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. போனிலும் புது நம்பர். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிடுகிறீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பரத்துக்கு நல்லபடியாக முடிந்தது. நான்தான் கூடப் போனேன். காலையில் அவனை உள்ளே கூப்பிடும் நேரத்தில் உங்கள் போன் வந்தது பாருங்கள், அது பெரிய தெம்பு. "டேய், நடுறதுதான் நடுற, ரெண்டு வரிசை சேர்த்து நடச் சொல்லு" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் அவனுக்கு இருந்த நடுக்கம் போய்விட்டது.

பகல் முழுக்க ஆனது. மயக்கம் கொடுப்பதில்லை, தலையில் வரிசையாக மரத்துப்போகும் ஊசி. அது போடும்போது மட்டும் கத்தினானாம். கண்ணாடிக் கதவு வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நான்கு பெண்கள் விளக்கின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொரு முடியாகத் தட்டில் அடுக்குகிறார்கள். எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு பார்ப்பது போலவே இருந்தது.

ஒன்று மட்டும் மனசில் நிற்கிறது. சிரைத்த முடி தரையில் கிடந்தது. எவ்வளவு நீளம்! பெருக்குகிற அம்மா அதை வாரிக் குப்பைக் கவரில் போட்டார்கள். அம்மனுக்குச் சொன்ன முடியாயிற்றே, ஒரு கொத்தாவது மடித்து எடுத்துக்கொள்ளலாமா என்று கை போனது. மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சம், விட்டுவிட்டேன்.

அத்தைக்குச் சொன்ன கணக்கில் அவன் ஓசூரில் டிரெயினிங்கில் இருக்கிறான். நிஜத்தில் ஆவடியில், அவன் சிநேகிதன் கோகுல்நாத்தின் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். டாங்கி தொழிற்சாலைக்காரன், தனி ஆள், நல்ல பிள்ளை. மூன்றாம் நாள் பரத்தின் முகம் பலாப்பழம் மாதிரி வீங்கிக் கண்ணே தெரியவில்லை. அது சகஜம், வடிந்துவிடும் என்றார்கள், வடிந்தது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறான். நட்ட முடி ஒரு மாதத்தில் கொட்டிவிடுமாம். பயப்படக் கூடாதாம், வேர் உள்ளே இருக்குமாம், மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைக்குமாம். கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தான் மாமா. புள்ளி புள்ளியாக ரத்தம் காய்ந்த தலையைப் பார்த்துச் சிரிக்கிறான்.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள்,
அனுசுயா


ராஞ்சி,
24.3.2025

அன்புள்ள அனுவுக்கு,

நலம். நீங்கள் நலமா?

மேலே உள்ள முகவரியைப் பார்த்துக்கொள். என்னைக் காட்டிலிருந்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மேசை வேலை. ஃபேன் உண்டு, வேளைக்குச் சாப்பாடு உண்டு, இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போடும் வேலை கூடக் குறைந்துவிட்டது. ராஜ வாழ்க்கை என்று வைத்துக்கொள்.

பரத் சிரித்தான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவனுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள். தலையை வெயிலில் காட்ட வேண்டாம் என்று சொல்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று நினைக்காதே, சாய்ந்தபடி எழுதுகிறேன். மேசை அப்படி.

என்றும் உன்,
லோகநாதன்


மேனாம்பேடு,
20.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை இதை வழக்கமாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை அத்தையோடு மாங்காடு கோயிலுக்குப் போயிருந்தேன். எலுமிச்சம்பழம் வாங்குகிற இடத்தில் மைதிலியைப் பார்த்தோம். உங்களோடு வேலை செய்கிறவரின் மனைவி, ஆவடி கேம்ப் குவார்ட்டர்ஸில் இருப்பவள். பார்த்ததும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்குக் கால்ல அடின்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார், இப்ப தேவலையாம்மா?" என்று கேட்டாள். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரியாது என்று அவளுக்குப் புரிந்தது. அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

போனில் கேட்டால் "நல்லாதான் கீறேன்" என்று முகத்தை மட்டும் காட்டுகிறீர்கள். பேச்சில் மழுப்பிவிடலாம், எழுத்தில் மழுப்புவது கொஞ்சம் கஷ்டம் என்று நம்பி எழுதுகிறேன். காலில் என்ன? நான் புறப்பட்டு வரவா?

டிரெயினிங் முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பியிருந்த பரத், முடியைச் சுருட்டிச் செருகியிருப்பதாகச் சொல்லித் தொப்பியோடே இருந்தான்; அன்றைக்கு வந்த வேகத்தில் அத்தை அதைக் கழற்றிப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் சத்தம் போட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. ஷோரூமில் வேலை கூடுதல் என்று பரத் இப்போது கோகுல்நாத்தோடு ஆவடியில் தங்குகிறான். நீங்கள் அதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ள வேண்டாம். காலைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

உங்கள்,
அனுசுயா


ராஞ்சி,
6.5.2025

அன்புள்ள அனுவுக்கு,

பயப்படாதே. ரோந்தில் பள்ளத்தில் கால் விட்டேன். எலும்பு முறிவு, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். கவனிக்க ஆள் இருக்கிறது. நீ கிளம்பி வந்தால் அம்மாவை யார் பார்ப்பது? ஆடியில் நானே வருகிறேன். பிளேட் வைத்த கால் முன்னைவிட உறுதியாக இருக்குமாம், உன்னை எட்டி உதைக்க வசதி.

அம்மா என்ன சத்தம் போட்டாள்? அதை ஏன் பாதியில் விட்டாய்? பரத் என் போனை எடுப்பதே இல்லை. மூன்று முறை கட் செய்துவிட்டான். தம்பி என்னிடம் பேசாமல் இருந்ததே கிடையாது.

அம்மாவுக்கு என் வணக்கம். தைலம் தீர்ந்திருந்தால் வாங்கிக் கொடு.

என்றும் உன்,
லோகநாதன்


மேனாம்பேடு,
1.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். கால் வலி குறைந்ததா?

எழுத அதிகம் ஒன்றுமில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை. அத்தை ஒருவேளைதான் சாப்பிடுகிறாள், பசி இல்லை என்கிறாள். பரத் மொட்டை போட்டுக்கொண்டான். வேறு விசேஷம் இல்லை.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடவும்.

உங்கள்,
அனுசுயா


ராஞ்சி,
15.6.2025

அனு,

நீ எழுதியதிலேயே சின்னக் கடிதம் இதுதான். இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எந்த முடிக்காக அவ்வளவு ஊசி குத்திக்கொண்டானோ, அதை முளைக்கும்போதே ஏன் மழித்தான்? ஆடி இன்னும் வரவில்லையே. அதை நீ வெயிலுக்கும் பசிக்கும் நடுவில் ஒரு வரியாக வைத்து எழுதுகிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? ஒரு புடவையில் நூல் இழுத்தால் நான்கு பக்கம் எழுதுகிறவள் நீ.

அம்மா அவனை என்ன சொன்னாள்? சொன்னதைச் சொன்னபடி எழுது. கால் அடிபட்டவன், பாவம், தாங்க மாட்டான் என்று நினைக்காதே. தெரியாமல் படுத்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

லோகநாதன்


மேனாம்பேடு,
29.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுகத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் நிறுத்தினால் மறுபடியும் மறைத்துவிடுவேன், அதனால் சொல்லிவிடுகிறேன்.

மாங்காட்டிலிருந்து வந்தபோது பரத் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் அவன் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினாள். நட்ட முடி கொட்டியிருந்த நேரம் அது. முன்னால் வழுக்கை, பின்னால் ஒட்ட வெட்டிய முடிக்குள் சிவப்புச் சிவப்பாகத் தழும்பு. ஓசூர் கதையெல்லாம் அந்த நிமிஷத்திலேயே முடிந்தது.

"நேர்ந்துவுட்ட முடிய குப்பைல கொட்டிட்டு அண்ணன் கால வாங்கிக்கினியாடா? அவன முழுங்கிட்டு உனக்கு மாப்ள வேஷமா? இனிமே உன் கையால நான் ஒரு வாய் தண்ணி கூட வாங்க மாட்டேன்" என்றாள்.

நீங்கள்தான் செய்யச் சொன்னீர்கள், நான்தான் கூடப் போனேன் என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. பரத் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான் மாமா. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. அத்தை அவன் பெயரைச் சொல்வதில்லை.

மறுவாரமே தனியாகப் பெரியபாளையம் போய் இருந்த முடியை மழித்துக் கொடுத்துவிட்டு வந்தான். அதோடு விட்டானா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆவடியில் சலூனுக்குப் போய் மறுபடி மறுபடி சிரைத்துக்கொள்கிறான். கிளினிக்கில் கேட்டேன். சிரைத்தால் வேர் போகாது, ஆனால் பிளேடு பட்டுப் புண்ணாகிச் சீழ் வைத்தால் போய்விடும் என்றார்கள். போன மாதம் நெற்றிக்கு மேல் சீழ் வைத்துவிட்டது. திட்டினேன். "அண்ணன் ரெண்டு கால்ல நடந்து ஊட்டுக்குள்ள வர வரைக்கும் என் தலைல ஒண்ணும் மொளைக்கக் கூடாது அண்ணி" என்கிறான். உங்கள் போனை எடுக்க அவனுக்கு முகமில்லையாம்.

அடிபட்டுக் கிடப்பவருக்கு இதையெல்லாம் எழுதி என்ன செய்ய என்று மறைத்தேன். உங்கள் எலும்பு கூடினால் எல்லாம் கூடிவிடும் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. அவன் சாப்பிடுவதில்லை, வேலைக்குப் பாதி நாள் போவதில்லை. ஒரு வீட்டில் ஒரு கால் முறிந்ததற்கு ஒரு பிள்ளையே போய்விடுவானோ என்று இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்,
அனுசுயா


ராஞ்சி,
8.7.2025

அன்புள்ள அனுவுக்கு,

இதை உட்கார்ந்து படி. பிறகு அம்மாவுக்கும் பரத்துக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டு.

எலும்பு முறியவில்லை. கால் இல்லை. இடது கால், முட்டிக்குக் கீழே. பள்ளம் அல்ல, கண்ணிவெடி. நான் இருப்பது மேசையில் அல்ல, ஆஸ்பத்திரிக் கட்டிலில். செயற்கைக் காலுக்கு அளவெடுத்து, நடக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்தது பிப்ரவரி 19. பரத்துக்கு முடி நட்டது மார்ச் 2. அவன் தலையில் கத்தி படுவதற்கு முன்பே என் கால் போய்விட்டது. அவன் முடிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை அம்மாவிடம் இரண்டு தடவை படி.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். குடும்பத்துக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் கெஞ்சி எழுதிக் கொடுத்தேன். பரத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. விஷயம் தெரிந்தால் அதை நிறுத்திவிட்டு முதல் ரயிலில் ஏறுவான். அவனாவது தலை நிமிர்ந்து நடக்கட்டும் என்று நினைத்தேன். அன்று காலை போன் செய்தபோது இந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தேன். சிரிப்பதற்காகப் பக்கத்துக் கட்டில்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால், உன் முகத்துக்குப் பயந்தேன். கல்யாணத்தன்று நீ பார்த்த ஆள் இல்லை இப்போது நான். நீ ஏப்ரலில் கேட்டபோதே தேதியைச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் இத்தனை வாரம் வெந்திருக்க மாட்டான். அது தெரியாமல் இங்கே ஜோக் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் விடுவதாகச் சொல்கிறார்கள்.

லோகநாதன்


மேனாம்பேடு,
21.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கால் இருந்த இடத்தில் வலி இருக்கிறதா, புண் ஆறிவிட்டதா என்று மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. எனக்கு என்ன ஆனது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. என் முகத்துக்குப் பயந்தீர்களாம். வந்து அந்த முகத்தைப் பாருங்கள், அப்புறம் பேசிக்கொள்வோம்.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தேதி வந்த இடத்தை நீங்கள் சொன்னபடி இரண்டு தடவை படித்தேன். "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டாள். கேட்டதையே மறுபடி கேட்டாள். அப்புறம், "அப்ப என் வேண்டுதல் முடி அவன் தலைல இருக்கச் சொல்லவே கால எடுத்துக்கினாளா அந்த அம்மா?" என்றாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆவடிக்கு ஓடினேன். பரத் படித்தான். தேம்பித் தேம்பி அழுதான். அழுது முடித்து, மடித்து என் கையில் கொடுத்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "கால் போனது நெசம் அண்ணி. தேதி பொய். எனக்காவ மாத்திச் சொல்றாரு." இல்லையடா என்று தலையில் அடித்துக்கொண்டேன். "அன்னிக்குக் காலைல போன்ல எப்படிச் சிரிச்சாரு? கால் போனவன் அப்படிச் சிரிப்பானா? எங்கண்ணன எனக்குத் தெரியும். சின்ன வயசுல நான் ஒடைச்சதெல்லாம் தான் ஒடைச்சேன்னு சொல்லி அடி வாங்கினவரு." நீங்கள் இத்தனை மாதம் அவ்வளவு நன்றாகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள் மாமா. நீங்கள் சொன்ன உண்மை அவனிடம் எடுபடவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நேற்று ஆடி முதல் ஞாயிறு. எங்கள் தெருவிலிருந்து பெரியபாளையத்துக்கு வேன். பம்பை அடித்துக்கொண்டு, வேப்பிலை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. எல்லோரும் ஏறியாயிற்று. அத்தைக்கு முன் சீட் போட்டு வைத்திருந்தார்கள். அத்தை வேன் கதவுவரை போனாள், ஏறவில்லை. "நீங்க போங்கமா. நான் அவகிட்ட அப்பால பேசிக்கிறேன்" என்றாள். என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கெயமதானே சிரைக்கிறான்? அந்தக் கடைய காட்டு" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் ஆவடி போனோம். மார்க்கெட் பக்கத்துச் சலூன். உள்ளே நாலைந்து ஆண்கள், பெண்பிள்ளை கால் வைக்காத இடம். நான் வாசலில் தயங்கினேன், அத்தை தயங்கவில்லை. பரத் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பாதித் தலை மழித்தாகிவிட்டது. மீதிப் பாதியில் சோப்பு நுரை. நுரைக்கு அடியில் புதுசாக முளைத்த முடி கருப்பாகத் தெரிந்தது மாமா, முன்னந்தலையில், நட்ட இடத்தில். அதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அத்தை கடைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "போதும்பா. பிளேட எடு."

பரத் கண்ணைத் திறந்தான். கண்ணாடியில்தான் அவளைப் பார்த்தான். திரும்பவில்லை. "அண்ணன் பொய் சொல்றாருமா. தேதி அதில்ல."

"சொல்லட்டும்."

"என்னாலதான்மா போச்சு."

"செரி, உன்னாலதான் போச்சுன்னே வெச்சிக்க. அதுக்காவ நீ என் புள்ள இல்லன்னு ஆயிடுமா?" அத்தையின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அவனுக்குக் கால் போச்சு. உன்னையும் வுட்டுட்டா எனக்கு இன்னாடா மிச்சம்? எவன் எந்தத் தேதி சொன்னா எனக்கு இன்னா? எனக்கு ரெண்டு புள்ளையும் வோணும். ஏந்திரி."

சொல்லிவிட்டு அங்கேயே, அத்தனை ஆண்கள் முன்னால், அவன் தலை நுரையைத் தன் முந்தானையால் துடைத்தாள். சீழ் வைத்த இடத்தில் கை பட்டதும் நிறுத்தினாள். அப்போதுதான் உடைந்துபோய் அழுதாள். பரத்தும் அழுதான். கடைக்காரர் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார், நல்ல மனுஷர்.

பாதி மொட்டையோடு அவனை அப்படியே கூட்டிக்கொண்டு வந்தோம். ஆட்டோவில் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பொடிசு சிரித்தது. அத்தை அவன் கையை வீடுவரை விடவில்லை. தேதியை அவன் இன்னும் நம்பவில்லை. நான் சொல்லியும் நம்பவில்லை, மைதிலியின் வீட்டுக்காரர் வந்து சொன்னாலும் நம்ப மாட்டான் போலிருக்கிறது. ஆனால் நேற்று மதியம் அத்தை பிசைந்து கொடுத்த சோற்றைச் சாப்பிட்டான். விக்கியபோது அத்தை எழுந்திருக்கப் பார்த்தாள். அவன் தானே போய்த் தண்ணீர் மொண்டு வந்தான். குடித்துவிட்டு, மீதிச் சொம்பைப் பயந்து பயந்து அவள் பக்கம் நகர்த்தினான். அத்தை வாங்கிக் குடித்தாள்.

உங்கள்,
அனுசுயா